அரிசி டிரம்மில் போட்ட போன்

கோதண்டத்துக்கு ஊர் வைத்த பெயர் நெட்வொர்க். நாற்பத்து நாலு வயது, பெரிய உடம்பு, சின்னப் பொறுமை. பழவேற்காட்டு ஏரி கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எழுபது வீடுகள் உள்ள குப்பம் அவனுடையது. எழுபது வீட்டுச் சேதியும் அவன் போன் வழியாகத்தான் போய்வரும். 'கடல் நிலவரம்' என்று ஒரு குரூப் ஆரம்பித்து, முந்நூறு பேரைச் சேர்த்து, அதற்குத் தானே அட்மினாக உட்கார்ந்திருந்தான். சுண்ணாம்புக்குளத்தில் யாருக்கு நெஞ்சுவலி, ஆரம்பாக்கத்தில் எந்த ரயில் நிற்காது, நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் என்று எதுவானாலும் அவனுக்குத்தான் முதலில் வரும். வந்ததை அரை நிமிடம் வைத்திருக்க மாட்டான், முந்நூறு பேருக்கும் தள்ளிவிட்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும். ஊரில் யாருக்காவது ஏதாவது தெரிய வேண்டுமென்றால் நெட்வொர்க்கைக் கேள் என்பார்கள். அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

போனைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பான். நெஞ்சுக்கு மேலேயே கிடக்கும். அது ஒருமுறை துடித்தால் இவன் கை இரண்டு முறை போகும். மனைவி சத்யா சோறு போட்டுவிட்டு எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள், இவன் "உம்" கொட்டுவான். ஒருநாள் அவள் வேண்டுமென்றே, பக்கத்து வீட்டுக் கோழி நம் வீட்டில் வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டது என்றாள். அதற்கும் "உம்" கொட்டினான். அவள் சிரிக்கவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இதெல்லாம் வீட்டுக்குள் நடக்கும்வரை யாருக்கும் எலும்பு முறியவில்லை. மார்கழியில் முறிந்தது.

முகத்துவாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏரியின் வாய் அது. வாயில் மணல் தங்கும், நகரும், மறுபடி தங்கும். நேற்றுப் படகு போன வழியில் இன்று ஆள் நடந்து போகலாம். பெரிய அலைகள் மூன்று நாலு சேர்ந்தாற்போல் வரும், பிறகு கடல் கொஞ்ச நேரம் அடங்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் படகை விட்டால் கடலுக்குப் போய்விடலாம். பிசகினால் அலை படகைக் குறுக்கே திருப்பிவிடும். அதனால் முன்னால் ஒருவன் நின்று, மணலையும் அலையையும் பார்த்து "இரு" என்றோ "ஓட்டு" என்றோ சொல்வான். பின்னால் இன்ஜினைப் பிடித்திருப்பவன் அதைக் கேட்பான். கேட்க வேண்டும். அப்பா பிள்ளையானாலும், மாமன் மச்சானானாலும், அந்த இடத்தில் முன்னால் நிற்பவன் சொல்தான்.

கோதண்டத்தின் ஃபைபர் படகில் முன்னால் நிற்பவன் மாரி. சத்யாவின் தம்பி. பதினோரு வருடம் இரண்டு பேரும் ஒரே படகு. மாரி அதிகம் பேச மாட்டான், கோதண்டம் பேசாமல் இருக்க மாட்டான், இரண்டும் சேர்ந்து ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அன்று காலை முகத்துவாரத்தில் மாரி அலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோதண்டத்தின் நெஞ்சில் போன் துடித்தது. பக்கத்துத் தெருத் தமிழ்வாணன் குரூப்பில் ஒரு போட்டோ போட்டிருந்தான். 'இன்றைய முகத்துவாரம், தெற்கே நல்ல வழி' என்று கீழே எழுதியிருந்தது. போட்டோவில் தெற்குப் பக்கம் தண்ணீர் தட்டையாக, சமர்த்தாகக் கிடந்தது. கோதண்டம் குனிந்து அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே படகைத் தெற்கே திருப்பினான். முகத்துவாரம் கண்ணுக்கு முன்னால் முப்பது அடி தூரத்தில் இரைந்துகொண்டிருந்தது. இவன் அதன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாரி "இரு" என்று கத்தினான். இரண்டாவது முறையும் கத்தினான். அந்தப் போட்டோ மூன்று நாள் பழையது என்று பிறகு தெரிந்தது.

மணலில் இடித்துப் படகு குறுக்கே திரும்பியது, அலை ஏறியது. மாரி வெளியே விழுந்தான், படகின் விளிம்பு அவன் இடது தோளில் இறங்கியது. கோதண்டம் அவனைக் கரையில் இழுத்துப் போட்டபோது, கழுத்தில் தொங்கிய போனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது அடித்துக்கொண்டிருந்தது.

தோள் எலும்புக்குப் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு மாரி வீட்டோடு கிடந்தான். கோதண்டம் ஆரஞ்சுப் பழமும் பிரட்டும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தான். தமிழ்வாணனைத் திட்டினான், மணலைத் திட்டினான், பொதுப்பணித் துறைக்காரர்களைத் திட்டினான். மாரி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னான்.

"நான் இருன்னு சொன்னேன் மாமா. நீ போட்டோவ கேட்ட."

அதற்குப் பிறகு மாரி அந்தப் படகில் ஏறவில்லை. தை போனது, மாசி போனது, கட்டுப் பிரித்தார்கள், கை வழக்கம்போல் தூக்க வந்தது. ஆனாலும் ஏறவில்லை. சண்டையும் இல்லை. தெருவில் பார்த்தால் "இன்னா மாமா" என்பான், போய்விடுவான். கோதண்டம் தனியாக ஏரிக்குள் மடவை மீனுக்கு வலை போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தான். வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கலாம், இரண்டு பேர் கேட்கவும் கேட்டார்கள். அவனுக்கு மனசு வரவில்லை. மாரி மறுபடி ஏற வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது, வேறு எது கிடைத்தாலும் அது கிடைத்ததாகாது.

பங்குனி பிறந்ததும் சத்யா ஒரு சேதி கொண்டுவந்தாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் மாரிக்கு வாட்ச்மேன் வேலை சொல்லியிருக்கிறார்கள், மாதக் கடைசி முடிந்ததும் திங்கட்கிழமை சேர வேண்டும். மணிக்கு ஒருமுறை கேட் பக்கத்தில் நின்று தன்னையே போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம், இல்லையென்றால் தூங்கினதாகக் கணக்கு. அதற்காகவே புது போன் ஒன்று வாங்கியிருக்கிறான். இதைச் சொல்லும்போது சத்யா கோதண்டத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் நெஞ்சில் கிடந்த பையைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் கோதண்டம் போனை அணைத்தான். பையைக் கழற்றி அரிசி டிரம்மைத் திறந்து, உள்ளே அழுத்தி, மேலே அரிசியைத் தள்ளி மூடினான். தண்ணீரில் விழுந்த போனைத்தான் ஊரில் அரிசியில் போடுவார்கள், ஈரம் இழுக்குமென்று. நன்றாக இருந்த போனைப் போட்டவன் அவன் ஒருவன்தான். ஊருக்கு விஷயம் தெரிய அரை நாள் ஆனது, அதுவே ஆச்சரியம். தெரிந்ததும், நெட்வொர்க் இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். குரூப்பைத் தமிழ்வாணன் பார்த்துக்கொண்டான். நாலே நாளில் யாரும் கோதண்டத்தைத் தேடவில்லை. அது அவனுக்குப் பெரிய அடி.

போனை விட்டுவிட்டால் மனசு குளம்போல் ஆகிவிடும் என்று யாரோ எப்போதோ ஒரு வீடியோவில் சொல்லி, அதையும் அவன் முந்நூறு பேருக்கு அனுப்பியிருந்தான். குளமாவது ஒன்றாவது. இருப்புக் கொள்ளவில்லை. வலை எடுக்கப் போனால் கை நெஞ்சுக்குப் போனது. பல் துலக்கும்போது போனது. கட்டைவிரல் தானாகத் தொடையில் மேலும் கீழும் தேய்ந்தது. எல்லாவற்றையும்விட மோசம், காதில் அது அடித்தது. நடு ஏரியில், சுற்றிலும் தண்ணீரும் நாலு கொக்கும் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், தெளிவாக அடிக்கும். திரும்பிப் பார்ப்பான். எதுவும் இருக்காது. தெரு முழுக்க இவன் மீது கோபமாக இருப்பது போலவும், எங்கேயோ இவன் பெயர் அடிபடுவது போலவும், ஏதோ ஒரு சாவு இவனுக்குத் தெரியாமல் போய்விட்டது போலவும் ஒரே அரிப்பு.

பொன்னேரியில் கல்லூரி படிக்கும் மகள் தேவதர்ஷினி சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அப்பா வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்துபோய், "நைனாவுக்கு உடம்பு சரியில்லியா?" என்று அம்மாவைக் கேட்டாள். சத்யா, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அரிசியில்தான் உயிர் கிடக்கிறது என்றாள். ஒவ்வொரு வேளையும் அவள் அரிசி அளக்கும்போது படி போன் மேல் பட்டு 'டக்' என்றது. அந்தச் சத்தம் கேட்டால் கோதண்டம் டிரம் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

எட்டாம் நாள் மத்தியானம் அவனால் முடியவில்லை. சத்யா மீன் விற்கப் போயிருந்தாள். டிரம்மைத் திறந்து முழங்கைவரை கையை விட்டான். அரிசி ஜில்லென்று இருந்தது. போன் அடிக்குப் போயிருந்தது, துழாவித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வானிலை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தான்.

ஆயிரத்து நானூறு மெசேஜ். வரிசையாகப் படித்தான். ஒன்றில்கூட இவனுக்கென்று எதுவும் இல்லை. கடைசியில் அந்தப் போட்டோ வந்தது. அதே தெற்குப் பக்கம், அதே சமர்த்துத் தண்ணீர், 'இன்றைய முகத்துவாரம்'. யாரோ மறுபடி போட்டிருந்தார்கள். ரத்தம் தலைக்கேறியது. இது பழைய படம், இதை நம்பி யாரும் போகாதீர்கள் என்று எழுதினான். ஒருவன், "இல்லை, புதுசுதான்" என்றான். இவன் பதில் எழுதினான். அவன் எழுதினான். ஆறேழு பேர் சேர்ந்துகொண்டார்கள். கோதண்டத்துக்குப் பசி போய்விட்டது, அரிப்பு போய்விட்டது, எட்டு நாளுக்குப் பிறகு உடம்பில் உயிர் வந்தது போல் இருந்தது. சுகமாக இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

தலையைத் தூக்கியபோது வெயில் எதிர்வீட்டுக் கூரைக்கு இறங்கியிருந்தது. படிக்கு அந்தப் பக்கம் ஒரு வாழை இலைப் பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தான், வறுத்த நண்டு. மாரி வீட்டுப் பக்குவம். தெருமுனையில் மாரி முதுகைக் காட்டிப் போய்க்கொண்டிருந்தான். மூன்று மாதத்தில் முதல்முறையாக இந்த வாசலுக்கு வந்திருக்கிறான். எவ்வளவு நேரம் நின்றானோ தெரியவில்லை. கூப்பிட்டுக்கூடப் பார்த்திருப்பான். இவன் ஒருவேளை "உம்" கொட்டியிருக்கவும் கூடும்.

கோதண்டம் ஓடிப்போய் அவனைப் பிடித்தான். கையில் போன் இருப்பது அப்போதுதான் தெரிந்தது, முதுகுக்குப் பின்னால் மறைத்தான். நாற்பத்து நாலு வயதுக்காரன் செய்கிற காரியமா அது. நல்லதுக்குத்தான் எடுத்தேன், அந்தப் படம் பழையது என்று சொல்லத்தான் எடுத்தேன் என்று மூச்சு வாங்கச் சொன்னான். மாரி நம்பாமல் இல்லை, தலையை ஆட்டினான்.

"சரி மாமா. அது பழைய மொகத்துவாரம். இன்னைக்கி மொகத்துவாரம் எப்பிடி கீது?"

கோதண்டம் முகத்துவாரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, மூன்று மாதமாக அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவே இல்லை. பழைய படத்துக்காக இரண்டு மணி நேரம் அடித்துக்கொண்டவனுக்குப் புதிய வழி எது என்று தெரியவில்லை. மாரி தன் வழியில் நடந்தான். திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து, குரூப்பை முழுசாகத் தமிழ்வாணன் கையில் கொடுத்துவிட்டு அதிலிருந்து வெளியே வந்தான். போனை மறுபடி அரிசிக்குள் போட்டான். மறுநாள் விடிந்ததும் முகத்துவாரத்து மணலில் போய் உட்கார்ந்தான்.

அலையை எண்ண ஆரம்பித்தான். இருபது வயதில் இது அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு, பீடியைப் பிடித்துக்கொண்டே எண்ணுவான். இப்போது நாலாவது அலையில் மனசு கழன்றது. திரும்பி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். மூன்றில் கழன்றது. காதில் போன் அடித்தது. எழுந்து பத்தடி நடந்தான், உட்கார்ந்தான், எழுந்தான். மணலில் கால் கட்டைவிரலால் கோடு கிழித்தான். இந்த இரைச்சலையும் இந்தத் தண்ணீரையும் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று எரிச்சல் வந்தது. தன் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டான், அப்போதாவது நெஞ்சுக்குப் போகாது என்று. தூரத்தில் படகு தள்ளிக்கொண்டிருந்தவர்கள் நெட்வொர்க்குக்கு டவர் கிடைக்கவில்லை என்று சிரித்தார்கள். அது அவன் காதிலும் விழுந்தது.

மறுநாளும் போனான், அதற்கு மறுநாளும் போனான். மணல் வடக்கே ஏறுவது தெரிந்தது. தெற்கு ஓரத்தில் குச்சி ஒன்று நட்டுவைத்தான், மறுநாள் அது தண்ணீருக்குள் இருந்தது. ஆனால் எண்ணிக்கை எட்டைத் தாண்டவில்லை. எட்டுவரை பிடித்துக்கொண்டு போவான், அங்கே அறுந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் எட்டில் அறுந்தது. நாளைக்கு மாரி கும்மிடிப்பூண்டி போய்விடுவான் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. மணலை அள்ளித் தண்ணீரில் எறிந்தான்.

பின்னால் யாரோ செருமினார்கள். மாரி நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்காரவும் இல்லை.

"எப்பிடி கீது மாமா?" என்றான்.

கோதண்டம் எழுந்திருக்காமலே சொன்னான்.

"வடக்கால மணல் ஏறிக்கினே வருது. நேத்துக்கு இன்னைக்கி பத்தடி தள்ளி கீது. நடுவுல ஒரு போட் போற அளவுக்கு வழி கீது, அவ்ளோதான். அலைதான் சரியா எண்ண முடியல மச்சான். எட்டுக்கு மேல புத்தி பூடுது."

இதற்கு முன்னால் கோதண்டம் ஒரு விஷயத்தில் தனக்குத் தெரியாது என்று சொல்லி மாரி கேட்டதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மாரி அலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எட்டு போதும்" என்றான். "போட்ட தள்ளு."

கோதண்டத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. படகைத் தள்ளி இறக்கினார்கள். வழக்கப்படி இன்ஜின் பக்கம் போகப் போனவனை மாரி கையால் மறித்தான். தான் போய் இன்ஜினைப் பிடித்துக்கொண்டான். பதினோரு வருடத்தில் கோதண்டம் தன் படகில் முன்னால் நின்றதே இல்லை. ஒரு நிமிடம் சுருக்கென்றது. முன்னால் போய் நின்றான்.

முகத்துவாரத்தில் இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. கோதண்டம் எண்ணினான். ஒன்று, இரண்டு. இரண்டாவது பெரியது. "இரு" என்றான். படகு நின்றது. மூன்று. நாலு. கை நெஞ்சுக்குப் போகப் பார்த்தது, விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஐந்தாவது அலை ஏறும்போது காதில் போன் அடித்தது. வந்துவிட்டதே சனியன் என்று பல்லைக் கடித்தான். எங்கேயும் அடிக்கவில்லை, இது என் மண்டைக்குள் அடிக்கிறது, எட்டு நாள் முன்னால் நடு ஏரியில் அடித்த அதே போன்தான் என்று சொல்லிக்கொண்டான். அது விடாமல் அடித்தது. அவன் திரும்பவில்லை. "இரு" என்று மறுபடி கத்தினான், தனக்கும் சேர்த்து. ஆறு. ஏழு. தண்ணீர் தாழ்ந்தது, நடு வழி திறந்தது.

"ஓட்டு" என்றான்.

படகு பாய்ந்தது. ஒரு அலை அடியில் தூக்கியது, இன்னொன்று முகத்தில் அறைந்தது, பிறகு அலை உடையும் இடம் பின்னால் போய்விட்டது. எதிரே கடல் பெரிதாகக் கிடந்தது. கோதண்டத்தின் காதில் சத்தம் நின்றிருக்கவில்லை, இன்னும் அடித்தது. அவன் திரும்பிப் பார்த்தான். மாரியின் சட்டைப் பையில் புது போன் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

"நெஜமாவே அடிக்கிதா மச்சான்?" என்றான்.

"கம்பெனிக்காரன். நாளைக்கி வரியான்னு கேக்கறதுக்கு இருக்கும். வூட்ல வெச்சிட்டு வர மறந்துட்டேன்."

"அங்க இருந்தே அடிச்சிதே. எடுக்கலியா?"

மாரி இன்ஜினை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"நீ இருன்னு சொன்னியே மாமா" என்றான்.